மினி பஸ் நாட்குறிப்பு: ஒரு ரூபாய் பாக்கியும் கவட்டு ரோடும்

2025 ஜூலை 7, திங்கள்

காலை 7.40 நடை. ஆர்.சி. என்கிற பதிவுப் புத்தகத்தில் 25 இருக்கை. ஏறியிருந்தது அறுபதுக்குக் குறையாது. படிக்கட்டில் மட்டும் ஐந்து பள்ளிப் பிள்ளைகள். "உள்ள போ, உள்ள போ, நடுவுல காலியாத்தான கெடக்கு" என்கிறார் கண்டக்டர். நடுவில் எங்கே காலி? ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கிற அகலம்தான் அந்த நடைவழி. முதுகில் பை மாட்டிய பையன் ஒருவன் நின்றால் அதோடு அடைத்துக்கொள்ளும். பையைக் கழற்றிக் காலடியில் வைக்கச் சொன்னால் இன்னும் நாலு பேர் நகரலாம். சொல்வதற்குப் பதில் பையைப் பிடித்து இழுக்கிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 194ஏ பிரிவுப்படி அனுமதித்த அளவுக்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு ஆளுக்கும் 200 ரூபாய் அபராதம். அதோடு கூடுதல் ஆட்களை இறக்கி, அவர்களுக்கு மாற்று வண்டி ஏற்பாடு செய்த பிறகுதான் வண்டி நகரலாம். காலையில் யாரும் புகார் சொல்லாததற்கு இந்தப் பின்பாதிதான் காரணம். இறக்கிவிட்டால் முதல் பீரியட் போச்சு என்று பிள்ளைகளுக்கே தெரியும்.

ஜூலை 8, செவ்வாய்

சில்லறைத் தகராறு. போன மாதம் அரசு தொடங்கிய புது மினி பஸ் திட்டத்தில் கட்டணம் 4 ரூபாயில் தொடங்குகிறது. 4 ரூபாய்க்கு எல்லோரும் நீட்டுவது 5 ரூபாய்க் காசு. மீதி ஒரு ரூபாய் "இறங்கும்போது வாங்கிக்க" என்று போகும். இறங்கும்போது கண்டக்டர் முன்பக்கம், இறங்குகிறவர் பின்பக்கம். ஒரு நாளைக்கு இருநூறு பேரிடம் இப்படி நின்றால் 200 ரூபாய்.

ரூபாயை விட்டாலும் டிக்கெட்டை விடக்கூடாது. காசு வாங்கிக்கொண்டு டிக்கெட் தராத, அல்லது குறைந்த மதிப்பு டிக்கெட் தரும் கண்டக்டருக்கு அதே சட்டத்தின் 178(2) பிரிவில் 500 ரூபாய் வரை அபராதம். டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பயணிக்கும் அதே 178-இல் 500 வரை உண்டு. "தெரிஞ்சவங்கதான, எதுக்கு டிக்கெட்டு" என்கிற கண்டக்டரிடம் சிரித்துக்கொண்டே கையை நீட்டியபடி நிற்க வேண்டியதுதான்.

ஜூலை 10, வியாழன்

இன்று நடை வெட்டு. மினி பஸ் தொல்லைகளில் இதற்குத்தான் முதலிடம். வசவைக்கூட ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடலாம்.

இரவு 8.40-க்குக் கிளம்பும் கடைசி நடை, பாதை இரண்டாகப் பிரியும் கவட்டு ரோட்டில் நின்றது. "கிளட்சு சரியில்ல, எல்லாரும் இறங்கிக்கங்க." ஆறு பேர் இறங்கி மூன்று கிலோமீட்டர் இருட்டில் நடந்தார்கள். கிளட்ச் சரியில்லாத வண்டி அங்கேயே வளைத்துத் திருப்பி நல்ல வேகத்தில் ஊருக்குப் போனது.

கணக்கைப் போட்டால் காரணம் விளங்கும். கடைசி மூன்று கிலோமீட்டர் போய்வர ஆறு. மினி பஸ் லிட்டருக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர் கொடுத்தால் பெரிய விஷயம். ஆக ஒரு லிட்டர் டீசல், 90 ரூபாய்க்கு மேல். ஆறு பேரின் முழு டிக்கெட் காசைச் சேர்த்தாலும் அவ்வளவு தேறாது. அந்தக் காசும் ஏற்கனவே பையில் விழுந்தாயிற்று. டிரைவர், கண்டக்டர் படி கலெக்‌ஷனைப் பார்த்துத்தான் என்றால், கடைசி ஊர் வெறும் நஷ்டம்.

ஆனால் அந்தக் கடைசி ஊருக்காகத்தான் பெர்மிட்டே. 1997-இல் மினி பஸ் வந்ததே பெரிய பஸ் போகாத கிராமங்களுக்காக. ஜூன் 16 அன்று தஞ்சாவூரில் தொடங்கிவைத்த புதுத் திட்டத்திலும் தடம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர். அதில் 65 சதவீதமாவது பஸ் வசதி இல்லாத பாதையாக இருக்க வேண்டும். முழு 25 என்றால் பதினாறேகால் கிலோமீட்டர். மீதி எட்டே முக்கால் பெரிய பஸ்ஸும் ஓடும் மெயின் ரோடு. கலெக்‌ஷன் அங்கேதான். அதனால் பஸ் ஸ்டாண்டில் ஆள் சேரப் பத்து நிமிடம் உருட்டுவது, பிறகு முன்னால் போகும் டவுன் பஸ்ஸை முந்த விரட்டுவது, தாமதமானதைச் சரிக்கட்ட வாலை வெட்டுவது.

இறங்கியவர்களில் நாலு பேர் கையில் கடைசி ஸ்டேஜ் வரைக்கும் டிக்கெட் இருந்தது. கவட்டு ரோட்டில் இறக்கியதற்குச் சாட்சி அந்தத் துண்டுச் சீட்டுதான். அங்கேயே நின்று நம்பர் பிளேட்டை ஒரு படம் எடுத்தால் நேரமும் பதிவாகிவிடும். இரண்டு பேர் டிக்கெட்டைச் சுருட்டிக் காது குடைந்து எறிந்துவிட்டார்கள்.

ஜூலை 11, வெள்ளி

"இது ஒண்ணும் ஃப்ரீ பஸ் இல்ல, காசு இருந்தா ஏறு." 2021 மே முதல் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் அரசின் சாதாரண நகரப் பேருந்தில், தனியார் மினி பஸ்ஸுக்கு அது கிடையாது. மாணவர்களின் இலவச பாஸும் அப்படித்தான். கண்டக்டர் சொன்னது சரி, சொன்ன விதம் சரியில்லை. ஏறும் இடத்தில் ஒரு தகடு அடித்து வைத்தால் தினம் இரண்டு சண்டை குறையும்.

ஜூலை 14, திங்கள்

கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். பெர்மிட் கொடுக்கும் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்தின் தலைவர் கலெக்டர், செயலர் ஆர்.டி.ஓ. ஆகவே மனு போய்ச் சேர வேண்டிய இடம்தான்.

பெரும்பாலான மனுக்களில் "மரியாதை இல்லாமல் பேசுகிறார்" என்பதே முதல் வரி. அதற்கு வரும் பதில் "நடத்துநர் எச்சரிக்கப்பட்டார்", அவ்வளவுதான். முதல் வரியில் வர வேண்டியது: வண்டி எண், தேதி, நேரம், எந்த நிறுத்தத்தில் இறக்கினார்கள், டிக்கெட் எண், எந்த ஸ்டேஜ் வரைக்கும். பெர்மிட் நிபந்தனையை மீறினால் 86-ஆம் பிரிவில் பெர்மிட்டை நிறுத்திவைக்கலாம், ரத்தும் செய்யலாம். முதலாளி அசைவது அதற்குத்தான். கண்டக்டரின் பேச்சு இரண்டாவது பத்தியில், பேட்ஜ் எண்ணோடு. 34-ஆம் பிரிவில் அவர் உரிமத்தை ஓராண்டு வரை முடக்க வழி இருக்கிறது. டிக்கெட்டின் நகலை இணைத்து அசலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மனு ரசீது எண் வாங்காமல் படி இறங்கக்கூடாது.

ஜூலை 17, வியாழன்

ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு போயிற்று. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. கேட்டது மூன்று: பெர்மிட் நகல், நிபந்தனைகள், ஒவ்வொரு நடைக்கும் ஒப்புதல் தந்த கால அட்டவணை. "ஏன் வரவில்லை" என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் இல்லை என்பார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேட்க வேண்டும். கெடு 30 நாள்.

ஜூலை 19, சனி

கடைசி ஊர் டீக்கடைக் காலண்டரில் கடைக்காரர் குறித்துவைத்தது, இரவு நடை மட்டும்: திங்கள் வந்தது, 9.35. செவ்வாய் இல்லை. புதன் இல்லை. வியாழன் வந்தது, 9.20. வெள்ளி வந்தது, 9.22. இன்று 9.50 வரை விளக்கு வெளிச்சம் தெரியவில்லை, கடையைச் சாத்திவிட்டார்.