பதினான்காவது நகர்த்தலில் நிறுத்திப் பார்த்தால்

ஜூன் 7, 2025, சனி

என் செஸ் வகுப்பில் பெரிய பிள்ளைகள் குழுவில் உள்ள ஒரு மாணவிக்கு வெள்ளையில் ஆட, ராணிக்கு முன்னால் உள்ள சிப்பாயை டி4-க்குத் தள்ளித் தொடங்கும் ஒரு முழு ஓப்பனிங் (ஆட்டத் தொடக்க முறை) வேண்டும். அடுத்த மாதம் ரேட்டிங் டோர்னமென்ட் இருக்கிறது, பள்ளியும் திறந்துவிட்டது. 2.சி4 என்று போனால் நிம்சோ, கிங்ஸ் இந்தியன், குரூன்ஃபெல்ட், பெனோனி என்று கறுப்பின் பதில்கள் ஒவ்வொன்றுக்கும் தனிப் படிப்பு. அதற்கு இப்போது நேரமில்லை. டோரே அட்டாக்கைச் சொன்னேன்: 1.டி4 குதிரை எஃப்6 2.குதிரை எஃப்3 இ6 3.பிஷப் ஜி5. (முதல் எண் எத்தனையாவது நகர்த்தல் என்பது, எழுத்தும் எண்ணும் சேர்ந்தது கட்டம்; x என்றால் வெட்டு, மூன்று புள்ளி என்றால் கறுப்பின் நகர்த்தல்.) முகப்பேர் பக்கத்து டோர்னமென்ட்டுகளில் லண்டன் சிஸ்டம் என்ற இன்னொரு டி4 ஓப்பனிங் ஆடும் பிள்ளைகள் மேசைக்கு மேசை இருக்கிறார்கள். டோரே ஆடுகிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வகுப்பு முடிந்து அழைத்துப் போக வந்த அவள் அப்பா நேரடியாகவே கேட்டார். "என்ஜின்ல போட்டுப் பார்த்தேன் சார், சமம்னு காட்டுது. வெள்ளையில ஆடிட்டு எதுக்கு சமத்தை வாங்கிக்கணும்?"

நியாயமான கேள்வி. குகேஷ் உலக சாம்பியன் ஆனதற்கு அப்புறம் பெற்றோர் எல்லோருமே வீட்டில் என்ஜினோடுதான், அதாவது நிலையைக் கணக்கிட்டுச் சொல்லும் செஸ் நிரலோடுதான் உட்கார்கிறார்கள், அதில் தப்பில்லை. போர்டில் காட்டித்தான் பதில் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

டோரே என்றதும் எல்லோரும் எடுத்து வைப்பது ஒரே ஆட்டத்தைத்தான்: கார்லோஸ் டோரே – இமானுவேல் லாஸ்கர், மாஸ்கோ, 1925. டோரே மெக்சிகோவின் மெரிடா நகரில் 1904-இல் பிறந்தவர். லாஸ்கர் 1894 முதல் 1921 வரை உலக சாம்பியனாக இருந்தவர். அந்த மாஸ்கோ போட்டியில் போகோல்யூபோவ் முதலிடம், லாஸ்கர் இரண்டாமிடம், அன்றைய உலக சாம்பியன் காபாபிளாங்கா மூன்றாமிடம். லாஸ்கர் மங்கிப்போயிருந்த நேரம் அது என்று யாரும் தள்ளிவிட முடியாது. டோரேயோ அடுத்த வருடமே உடல்நலம் கெட்டுப் பெரிய போட்டிகளை விட்டு விலகினார். கிராண்ட்மாஸ்டர் பட்டம் 1977-இல்தான் வந்தது, மறு வருடம் காலமானார். இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

ஜூன் 10, செவ்வாய், இரவு

ஆட்டத்தை போர்டில் வைத்து மெதுவாக நகர்த்திப் பார்த்தேன். 25-ஆவது நகர்த்தலின் அழகை மறந்துவிட்டு, ஓப்பனிங் முடியும் இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது திட்டம்.

3...சி5 4.இ3 சிப்பாய் மாற்றம், 5.இxடி4. இங்கே லாஸ்கர் வெள்ளைக்கு இ கோட்டைத் திறந்து கொடுத்துவிட்டார். அப்புறம் டோரேயின் நகர்த்தல்கள் ஒரு மாணவியே கண்டுபிடிக்கக்கூடியவை: ஒரு குதிரை டி2, சிப்பாய் சி3, பிஷப் டி3, குதிரை சி4, ராணி இ2, காஸ்லிங் (ராஜாவும் யானையும் சேர்ந்து ஒரே நகர்த்தலில் இடம் மாறுவது), யானைகள் இ1-இலும் டி1-இலும். 13 நகர்த்தலில் எல்லாக் காய்களும் வெளியே. எதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

14-ஆவது நகர்த்தல்: பிஷப் ஜி5-இலிருந்து சி1-க்குத் திரும்புகிறது! எந்தக் காயின் பெயரால் இந்த ஓப்பனிங் நிற்கிறதோ, அதே காய் வீட்டுக்குப் போகிறது. எஃப்6 குதிரை நகர்ந்தால் பிஷப்புகள் மாறிப்போகும், அதைத் தவிர்க்கத்தான். லாஸ்கர் குதிரையை டி5-இல் நட்டு, பி5, பி4 என்று தள்ளுகிறார். சி4 குதிரை ஏ3 ஓரத்துக்கு ஓட வேண்டியதாகிறது. 17.சிxபி4-க்கு அப்புறம் டி4 சிப்பாய்க்குத் துணை கிடையாது. 20...ராணி ஏ5 வந்தபோது அந்த ராணி இ1 யானையையும் ஏ3 குதிரையையும் ஒரே நேரத்தில் பார்க்கிறது. நான் கறுப்பாக உட்கார்ந்திருந்தால் சந்தோஷமாகவே ஆடியிருப்பேன்.

ஆக ஓப்பனிங் வெள்ளைக்கு லாபம் எதுவும் தரவில்லை. அவள் அப்பா சொன்ன 'சமம்' சரிதான். ஆனால் அந்தச் சமத்தில் ஒரு யானைகூட மூலையில் தூங்கவில்லை. பதினோரு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய சொத்து.

ஜூன் 11, புதன்

ஆனந்தின் ஒரு ஆட்டமும் நினைவுக்கு வந்தது. 1998 ஜனவரி, லோசான், கார்போவுடன் உலக சாம்பியன்ஷிப். ஆறாவது ஆட்டத்தை ஜெயித்தே ஆக வேண்டிய நிலை. 1.டி4 டி5 2.பிஷப் ஜி5 ஆடினார், டோரேக்கு ஒன்றுவிட்ட உறவு. ஜெயித்து 3–3 ஆக்கினார். அப்புறம் ரேபிட்டில் (வேக ஆட்டங்களில்) கார்போவ் இரண்டையும் எடுத்துக்கொண்டார் என்பது நம் ஊரில் என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். கார்ல்சனும் 2016-இல் கர்யாகினுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 1.டி4 குதிரை எஃப்6 2.பிஷப் ஜி5 ஆடினார். 42 நகர்த்தலில் டிரா. உலக சாம்பியன்ஷிப்பிலேயே இப்படி ஆடுகிறார்கள் என்றால், அவர்களுக்கு வேண்டியது எதிராளி வீட்டில் தயார் செய்யாத ஒரு பொசிஷன்.

ஜூன் 14, சனி

மதியம் வகுப்பில் கரண்ட் போய்விட்டது. ஜன்னல் ஓரம் ரோல் போர்டை விரித்து, 24...ராணி பி5 வரை வைத்தேன். வெள்ளை ராணி ஹெச்5, யானை ஜி3, பிஷப் ஜி5, குதிரை இ3. ஹெச்6 சிப்பாய் பிஷப்பைத் தாக்கிக்கொண்டு நிற்கிறது. ராணிகள் இரண்டும் ஒரே வரிசையில், நடுவில் அந்த பிஷப் மட்டும்.

"என்ன ஆடுவீங்க?"

"பிஷப்பை நகர்த்த முடியாது சார், நகர்த்தினா நம்ம ராணி போயிடும்," என்றான் முன்னால் உட்கார்ந்த பையன். லாஸ்கரும் இதைத்தான் நம்பியிருப்பார்.

அந்த மாணவி கொஞ்ச நேரம் ஜி7-ஐயே பார்த்தாள். பிஷப்பின் தலையை இரண்டு விரலால் பிடித்து எஃப்6-இல் வைத்தாள். கை எடுக்கவில்லை. "ராணி போகட்டும் சார். யானை ஜி7-ல செக்."

அப்புறம் மற்றவர்களே வரிசையாகச் சொன்னார்கள். 25...ராணிxஹெச்5 26.யானைxஜி7 செக், ராஜா ஹெச்8, யானைxஎஃப்7 செக், மறுபடி ஜி7, யானைxபி7 செக், மறுபடி ஜி7, கடைசியில் யானை ஜி5 செக், அடுத்து ஹெச்5 ராணி. விண்ட்மில், காற்றாலை போல யானை மாறி மாறி செக் கொடுத்துக் காய்களைப் பறிக்கும் உத்தி. ராஜா ஜி6-க்கு வந்து எஃப்6 பிஷப்பை வாங்குகிறது, வெள்ளை ஹெச்6 சிப்பாயையும் எடுக்கிறது. கணக்குப் பார்த்தால் மூன்று சிப்பாய் அதிகம். 43-ஆவது நகர்த்தலில் லாஸ்கர் விட்டுக்கொடுத்தார்.

எனக்கு இதைவிடப் பிடித்தது 23.குதிரை சி4. பிஷப் அடிபடும் நிலையில் இருக்க, டோரே அதைக் கவனிக்காதது போல் ஓரத்துக் குதிரையை உள்ளே கொண்டுவருகிறார். ஹெச்xஜி5 என்று எடுத்தால் குதிரைxடி6, ஒரே அடியில் ராணி, யானை, பிஷப் மூன்றையும் தாக்கும். இதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்க வெகு நேரமானது. கண்டுபிடித்தபோது கூச்சல் தெருவரை கேட்டிருக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

அவள் அப்பாவிடம் போனில் பேசினேன். இந்த வெற்றி ஓப்பனிங்குக்குச் சான்று ஆகாது என்பதையும் சொன்னேன். 20-ஆவது நகர்த்தலில் லாஸ்கர் தடுமாறாத நிலையில்தான் இருந்தார், 24-இல்தான் ராணியைத் தவறான கட்டத்துக்குக் கொண்டுபோனார். ஆனாலும் அந்த நேரத்தில் டோரேயின் காய்கள் எல்லாம் ஆட்டத்தில் இருந்தன. அதனால்தான் தண்டிக்க முடிந்தது. இந்த அளவுக்கு டோரே அட்டாக்கை நான் நம்புகிறேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி சார், ஆடட்டும்," என்றார்.

அவளுக்குக் கொடுத்த பாடம் இரண்டு லைன்தான், அதாவது இரண்டு நகர்த்தல் வரிசைகள். 4.இ3-க்குக் கறுப்பு அவசரமாக பி6 ஆடினால் உடனே 5.டி5! சிப்பாயை எடுத்தால் குதிரை சி3, பிஷப் பி7, குதிரைxடி5. அங்கே காய்கள் மாறி முடியும்போது வெள்ளை ராணி டி5-இல் நின்று ஏ8 யானையைப் பார்க்கும். இன்னொன்று, உண்மையான சோதனை: 4...ராணி பி6, பி2 சிப்பாய்க்குக் குறி. நான் 5.குதிரை பிடி2 (பி1 குதிரை டி2-க்கு) ஆடச் சொன்னேன். ராணிxபி2 என்றால் பிஷப் டி3, ஒரு சிப்பாய்க்கு வளர்ச்சியில் முன்னேற்றம். சிப்பாய் போவதை அவள் முதலில் ஏற்கவில்லை. கறுப்பாக என்னோடு ஆடி, ராணி சி3-இல் மாட்டிக்கொண்டு அலைவதைப் பார்த்த பிறகுதான் தலையாட்டினாள்.

2...ஜி6 ஆடுகிறவர்களுக்கு இந்த ஜி5 பிஷப் இவ்வளவு தொல்லை தராது, இ7 சிப்பாய் நகராமல் நிற்பதால் எஃப்6 குதிரை ராணிக்கு முன்னால் முடங்குவதில்லை. அங்கே இ4 தள்ளுவதுதான் வேலை. அதை வரும் சனிக்கிழமை எடுத்துக்கொள்கிறோம்.