முதலில் அவரிடம்தான் கேட்டார்கள்

"கார்டைக் காட்டுங்கள்."

இன்று மாலை ரயில் பெட்டி நிறைய ஆட்கள். டிக்கெட் பரிசோதகர்கள் இருவரும் நேராகப் போய் நின்றது அந்த ஆஸ்திரேலியப் பழங்குடிப் பாட்டியிடம்தான். பார்த்துவிட்டு, எங்களில் யாரையும் கேட்காமல் இறங்கிவிட்டார்கள்.

பாட்டி எதுவும் சொல்லவில்லை. அவர்கள் ஏறும்போதே கார்டைக் கையில் எடுத்து வைத்திருந்தார்.

அதுதான் என்னை என்னவோ செய்தது. எத்தனை முறை கேட்டிருந்தால் அப்படி ஒரு பழக்கம் வரும்!

அப்புறம் பையை மடிக்கு மாற்றி எனக்கு இடம் தந்தார். எந்த ஊர் என்று கேட்டார்.

"யாழ்ப்பாணம். 2012-இல் படகில் வந்தேன்."

படகு என்ற சொல்லை ஆஸ்திரேலியாவில் நான் எளிதில் வெளியே விடுவதில்லை. சொன்னால் முகங்கள் மாறும். 2013 ஜூலை 19-க்குப் பிறகு படகில் வந்தவர்களுக்கு இங்கே குடியேற இடமே இல்லை என்று அரசு அறிவித்தது. பசிபிக் தீவுகளான நவுருவுக்கும் மானஸுக்கும் அனுப்பியது. அதற்குக் கைதட்டியவர்கள் ஏராளம்.

1788-இல் பிரிட்டனிலிருந்து குடியேற 11 கப்பல்கள் வந்தபோது இந்தப் பாட்டியின் முன்னோரிடம் யார் அனுமதி கேட்டார்கள்?

காவலில் நிகழும் பழங்குடியினர் மரணங்களைத் தடுக்க 1991-இல் விசாரணை ஆணையம் 339 பரிந்துரைகள் தந்தது. அதற்குப் பிறகும் 500 பேருக்கு மேல் காவலில் இறந்திருக்கிறார்கள். 2023 வாக்கெடுப்பில், நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல அவர்களுக்கு ஒரு குழு வேண்டும் என்றதற்கே பத்தில் ஆறு பேர் 'வேண்டாம்' என்றார்கள்.

பாட்டி என் முகத்தைப் பார்த்தார். "நல்லபடியாக வந்து சேர்ந்தாயே, மகளே" என்றார்.

பன்னிரண்டு வருடங்களுக்கும் மேலாக இங்கே இருக்கிறேன். இதை என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான்.