கலக்கி முட்டையும் பயோட்டின் மாத்திரையும்

முடி கொட்டுகிறது என்று மெடிக்கலில் போய்ச் சொன்னால் பெரும்பாலும் கைக்கு வருவது பயோட்டின் அட்டைதான். வாங்கியதும் அதைத் திருப்பிப் பாருங்கள். 10 மி.கி. என்று போட்டிருக்கும், சிலதில் 5. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குப் போதுமானதென்று அமெரிக்காவில் வகுத்திருக்கும் அளவு 30 மைக்ரோகிராம். பாலூட்டும் தாய்க்கு 35. 10 மி.கி. என்பது 10,000 மைக்ரோகிராம். ஒரே மாத்திரையில் கிட்டத்தட்ட 333 நாளுக்கான சத்து இருக்கிறது.

பயோட்டின் பி வைட்டமின்களில் ஒன்று, பி7. சாப்பாட்டிலிருந்து சக்தி எடுக்கவும் கொழுப்பு அமிலங்களைக் கட்டவும் வேண்டிய ஐந்து நொதிகள் இது இல்லாமல் வேலை செய்யாது. குறைந்துபோனால் கண், மூக்கு, வாய் ஓரங்களில் தோல் சிவந்து செதில் உதிரும், முடி மெலியும், கை கால் மரத்துப்போகும், மனம் சோர்ந்துவிடும். ஆனால் இந்தக் குறை அபூர்வம். கார்பமசெபின், ஃபெனிடாயின் போன்ற வலிப்பு மாத்திரைகளை வருடக்கணக்கில் எடுப்பவர்களும் குடிப்பழக்கம் முற்றியவர்களும்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவர்கள். காய்ச்சலோ பிரசவமோ முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாக முடி உதிர்வது வேறு கதை. இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டும் வேறு கதை. குறை இல்லாதவருக்குப் பயோட்டின் கொடுத்தால் முடி வளரும் என்பதற்கு உருப்படியான சான்று இல்லை.

சாப்பாட்டிலேயே கிடைக்கும். வெந்த முட்டை ஒன்றில் சுமார் 10 மைக்ரோகிராம். மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பொட்டலம் போட்டு விற்கிற நிலக்கடலை ஒரு கை, அதாவது 30 கிராம் பருப்பு, சுமார் 5 தரும். சீனிக்கிழங்கு அரை கப்பில் 2.4. ஈரல்தான் எல்லாவற்றிலும் செழிப்பு: மாட்டு ஈரல் 85 கிராமிலேயே ஒரு நாள் தேவை முடிந்துவிடும். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை அடிக்கடி சாப்பிட வேண்டாம், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். சைவக்காரர்களுக்குக் கடலை, பாதாம், சூரியகாந்தி விதை, பால், பருப்பு போதும்.

முட்டையில் ஒரு சூட்சுமம் உண்டு. சத்து மஞ்சள்கருவில் இருக்கிறது. பச்சை வெள்ளைக்கருவில் அவிடின் என்ற புரதம் இருக்கிறது. ஒரு அவிடின் மூலக்கூறு நான்கு பயோட்டினைக் கவ்விக்கொள்ளும், குடலுக்குள்ளும் விடாது. சூடு பட்டால்தான் அதன் பிடி தளரும். கலக்கியில் ஓரம் வெந்து நடுவில் கண்ணாடிபோல் கொழகொழவென்று நிற்கிறதே, அங்கே அவிடின் வேகாமல்தான் இருக்கிறது. எப்போதாவது சால்னா ஊற்றி ஒரு கலக்கி சாப்பிட்டால் குறை வந்துவிடாது. ஜிம்முக்குப் போகிற தம்பிகள் பச்சை வெள்ளைக்கருவை தினமும் அரை டஜன் குடிப்பதுதான் தப்பு. மாதக்கணக்கில் அப்படிக் குடித்தால் குறை வரலாம். சால்மொனெல்லா கிருமிப் பயம் தனி. தண்ணீர் கொதித்த பின் பத்து நிமிடம் வேகவிடுங்கள், வெள்ளை முழுக்கக் கெட்டியாகிவிடும்.

இதே கவ்வும் குணத்தைத்தான் ரத்தப் பரிசோதனையிலும் பயன்படுத்துகிறார்கள். அவிடினின் உறவான ஸ்ட்ரெப்டவிடினை நுண்மணிகளில் பூசி, பயோட்டின் ஒட்டிய எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடி) அதில் பிடிக்க வைத்து, கிடைக்கிற வெளிச்சத்தை மெஷின் அளக்கும். ரத்தத்தில் மாத்திரைப் பயோட்டின் நிறைய மிதந்தால் அது முந்திக்கொண்டு மணிகளில் உட்கார்ந்துவிடும். வெளிச்சம் குறையும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாக வரும். தைராய்டு சுரக்கும் ஹார்மோன்களான டி3, டி4 அளக்கும் முறை தலைகீழ். அங்கே வெளிச்சம் குறைந்தால் அளவு கூடுதல் என்று கணக்கு. டி.எஸ்.எச். குறைந்து டி3, டி4 கூடினால் தைராய்டு மிகை என்று அர்த்தம். ஆக, நன்றாக இருப்பவருக்கும் தைராய்டு மிகையாகச் சுரக்கிறது என்று ரிப்போர்ட் வரலாம். ஏற்கனவே தைராய்டு குறைவுக்குத் தைராக்ஸின் மாத்திரை எடுப்பவருக்கு இதைப் பார்த்து டோஸைக் குறைத்துவிட்டால் தைராய்டு இன்னும் குறையும், முடி இன்னும் கொட்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனினும் இப்படிப் பொய்யாகக் குறையலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017 நவம்பரில் விட்ட எச்சரிக்கையில், அப்படித் தவறாகக் குறைந்த ட்ரோபோனின் முடிவுக்குப் பின் ஒருவர் இறந்ததையும் குறிப்பிட்டிருக்கிறது.

எல்லா மெஷினும் இந்த முறையில் ஓடுவதில்லை, ஆனால் எது எப்படி என்று நமக்குத் தெரியாது. அதனால் 5, 10 மி.கி. எடுப்பவர்கள் டெஸ்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பயோட்டின் மெதுவாகத்தான் வெளியேறும், எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் எடுப்பவரிடம் “முடிக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதை மருந்தாகவே நினைக்காமல் பலரும் விட்டுவிடுகிறார்கள். நெஞ்சு வலியென்று ஓடும்போது நிறுத்த நேரமிருக்காது, அங்கே சொல்வது ஒன்றுதான் வழி.

இந்தப் பெரிய டோஸ் உயிர் காக்கிற இடமும் உண்டு. பயோட்டினிடேஸ் குறைபாடு என்ற பிறவிக் கோளாறில் உடம்பால் பயோட்டினைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. அப்பா அம்மா இருவரிடமும் அந்தக் கோளாறுள்ள மரபணு இருந்தால்தான் குழந்தைக்கு வரும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டுகிற நம் பக்கத்துக் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு கூடுதல். சில மாதக் குழந்தைக்கு வலிப்பு, தோல் தடிப்பு, முடி உதிர்வு சேர்ந்து வந்தால் தாமதிக்கக் கூடாது, காது கேட்பதும் கண் பார்வையும் போய்விட்டால் பெரும்பாலும் திரும்பாது. பிறந்த சில நாளில் குதிகாலில் எடுக்கிற சொட்டு ரத்தத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். மருந்து தினமும் 5 முதல் 10 மி.கி. பயோட்டின், ஆயுள் முழுக்க. அந்தக் குழந்தைக்கு மட்டும் எந்த டெஸ்டுக்காகவும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பயோட்டின் பாதிக்காத முறையில் பார்க்கும் லேபைக் கேட்டு அங்கே கொடுங்கள்.