மேலே ஏறாத பந்துக்கும் உராய்வு

“சார், பந்து மேட்டுல ஏறவே இல்லையே. அப்புறம் உராய்வு எப்படி அதைத் தடுக்கும்?”

இன்று குவாண்டம் டனலிங் (மேட்டில் ஏற ஆற்றல் போதாத துகள், அந்தத் தடையின் ஊடாகவே மறுபக்கம் போய்விடுவது) நடத்தும்போது கடைசி பெஞ்சிலிருந்து வந்த கேள்வி. பாடப்புத்தகம் இந்தப் பக்கமே போவதில்லை!

குழிக்குள் இருக்கும் துகள் தனியாக இல்லை. சுற்றிலும் எண்ணற்ற அதிர்வுகள் அதோடு பிணைந்திருக்கின்றன. துகள் தடைக்குள் நகர்ந்தால் அவையும் ஒத்துப்போக வேண்டும். இந்தப் பிணைப்புதான் இங்கே உராய்வு.

1981-ல் இயற்பியலாளர்கள் கால்டீராவும் லெகெட்டும் கணக்குப் போட்டுக் காட்டியது இதைத்தான். உராய்வுக் கெழுவை, தடைக்குள் கடக்கும் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது, தப்பிக்கும் வீதத்துக்கான சூத்திரத்தில் அடுக்குக்குறியிலேயே (exponent) போய் உட்காருகிறது. அதனால் தப்பிக்கும் வீதம் சும்மா குறைவதில்லை, சரிந்து விழுகிறது. வெப்பத்தால் தடையைத் தாண்டும்போது உராய்வு, அடுக்குக்குறிக்கு முன்னால் பெருக்கும் முன்கெழுவை மட்டும்தான் தொடும்.

சரி, இதை எப்படிச் சோதிப்பது?

பெர்க்லியில் கிளார்க், டெவோரே, மார்ட்டினிஸ் மூவரும் 1984, 85-ல் ஜோசப்சன் சந்தியில் (இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே மெல்லிய மின்கடத்தாப் படலம்) மின்னோட்டம் செலுத்திக் காத்திருந்தார்கள். இங்கே துகளின் இடத்தில் இருப்பது சந்தியின் மொத்த நிலை; மின்னழுத்தம் தோன்றினால் அது குழியிலிருந்து தப்பித்துவிட்டது என்று அர்த்தம். சில பத்து மில்லிகெல்வினுக்குக் கீழே, எவ்வளவு குளிர்வித்தாலும் தப்பிக்கும் வீதம் மாறவில்லை. அப்படியென்றால் தள்ளிவிட்டது வெப்பமல்ல, டனலிங்.

வெளி இரைச்சல் கம்பி வழியே உள்ளே வராமலிருக்கச் செப்புத் தூள் அடைத்த வடிகட்டி வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் செப்புத் தூள்தான்.

சந்தியின் அளவுருக்களைத் தனியாக அளந்து கோட்பாட்டில் போட்டார்கள். எதையும் இழுத்துப் பொருத்தாமலே விடை ஒத்துவந்தது. 2025-ல் அந்த மூவருக்கும் நோபல்.