புள்ளி வெட்டுப்பட்ட விலைப்பட்டியலும் புது பிரவுசரும்

பிரவுசரில் புதுப் பதிப்பு வந்து திரை சரியாகத் தெரியவில்லை என்றால், நம் ஆட்கள் செய்கிற முதல் வேலை அதைத் தூக்கிவிட்டுப் பழையதைப் போட்டுக்கொள்வதுதான். வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பழைய பதிப்பில் பாதுகாப்பு ஓட்டைகள் அப்படியே இருக்கும். அதைவிட, கோளாறு பிரவுசரில்தானா என்பதே பல நேரம் சந்தேகம். நான் சமீபத்தில் பார்த்தவற்றில் ஒன்றுதான் புதுப் பதிப்போடு சம்பந்தப்பட்டது. மற்றவை முன்பே இருந்து, இப்போது கண்ணில் பட்டவை.

சேலம் குகையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். பில்புக், கல்யாணப் பத்திரிகை, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு என்றாலும், பாதி வேலை கொலுசுப் பட்டறைக்காரர்களுக்குத்தான். மாடல் நம்பர், எடை, டச் (வெள்ளியின் தரம்), கூலி என்று அவர்களுடைய பட்டியலை வெப்சைட்டில் ஏற்றித் திருத்திக் கொடுப்பேன். அதனால் பிரவுசர் எதுவானாலும், சோதனைக்காக முன்கூட்டியே விடுகிற பீட்டா பதிப்பு வந்தவுடன் ஒரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிடுவது வழக்கம். செவ்வாய்ப்பேட்டை வியாபாரி ஒருவர் திறந்து பார்க்கும்போது எழுத்து உடைந்து நின்றால், அந்தப் பட்டறைக்குத்தான் நஷ்டம்.

இந்த முறை பீட்டாவில் நீளமான பட்டியலை உருட்டியதும் இடது பக்கம் கறுப்புப் பட்டை விழுந்தது. மவுஸை மேலே கொண்டுபோனால் அந்த இடம் மட்டும் தெளிந்து, மறுபடி உருட்டினால் வேறு இடத்தில் விழுந்தது. கடைப் பையன் மானிட்டர் கேபிளைப் பிடுங்கிச் சொருகப் போனான். "இருப்பா, முதல்ல பிரிண்ட் ஸ்கிரீன் அடி" என்றேன். எடுத்த படத்தை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால், அதிலும் பட்டை இருந்தது. அப்படியென்றால் மானிட்டர், கேபிள் இரண்டும் நிரபராதி. படத்தில் பட்டை இல்லாமல் திரையில் மட்டும் இருந்தால்தான் கேபிளைத் தொட வேண்டும். இதற்கு விண்டோஸின் பிரிண்ட் ஸ்கிரீனையே பயன்படுத்துங்கள். பிரவுசருக்குள் இருக்கிற ஸ்கிரீன்ஷாட் வசதி பக்கத்தைத் தனியாக இன்னொரு முறை வரைந்து கொடுக்கலாம், அதில் பட்டை மறைந்துவிடும்.

அடுத்து எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரில் நாம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிற சின்ன புரோகிராம்கள். குரோமில் இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்தால், நாமாக அனுமதித்தவை தவிர எந்த எக்ஸ்டென்ஷனும் ஓடாது. பயர்பாக்ஸில் உதவி மெனுவில் டிரபிள்ஷூட் மோட் இருக்கிறது. ஆனால் அந்த மோட் எக்ஸ்டென்ஷனோடு சேர்த்து ஹார்டுவேர் ஆக்சிலரேஷனையும் (பக்கத்தை வரைய கிராபிக்ஸ் சிப்பைப் பயன்படுத்தும் வசதி) அணைத்துவிடும். அதில் கோளாறு மறைந்தாலும் குற்றவாளி எது என்று தெரியாது, இரண்டையும் தனித்தனியாக அணைத்துப் பார்த்தாக வேண்டும். நான் எக்ஸ்டென்ஷன்களை நிறுத்தினேன், பட்டை போகவில்லை. செட்டிங்ஸில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்து பிரவுசரை மூடித் திறந்தேன், பட்டையைக் காணோம்.

பக்கத்தை வரைகிற வேலையை பிரவுசர் கிராபிக்ஸ் சிப்பிடம் கொடுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற புரோகிராம்தான் டிரைவர். புதுப் பதிப்பு புதுவிதமாகக் கட்டளை கொடுக்கும்போது பழைய டிரைவர் தடுமாறினால் இப்படிப் பட்டை, மினுக்கல், வெற்று மெனு எல்லாம் வரும். அணைத்து வைத்தே ஓட்டலாம்தான், ஆனால் எல்லாச் சுமையும் பிராசஸர் தலையில் விழும். வீடியோ ஓடினால் பழைய கம்ப்யூட்டர் திணறும். தயாரிப்பாளர் தளத்தில் அந்தச் சிப்புக்குப் புது டிரைவர் இருந்தது. போட்டுவிட்டு ஆக்சிலரேஷனைத் திரும்ப இயக்கினேன். பட்டை வரவில்லை.

இதுவரை தெளிவு. அன்று மதியமே ஒரு பட்டறைக்காரர் போனும் கையுமாக வந்துவிட்டார்.

"தம்பி, எழுத்தெல்லாம் மேல வெட்டுப்பட்டுத் தெரியுதுங்க. வியாபாரிங்க பாத்தா என்ன நெனப்பாங்க?"

"பாத்துத் தரேனுங்க ஐயா. சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும்."

அவர் காட்டியது தலைப்பு வரி. 'வெள்ளிக் கொலுசு' என்பதில் இரண்டு புள்ளியும் போய் 'வெளளிக கொலுசு' என்று நின்றது. 'ளி'யின் மேல்வளைவு சீவிவிட்டது போல இருந்தது. பீட்டா போட்ட கம்ப்யூட்டரிலும் அதே கதை, பழைய பதிப்பு இருந்த கம்ப்யூட்டரில் மட்டும் புள்ளி இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் பிரவுசரைத்தான் திட்டியிருப்பார்கள்.

ஒரே பதிப்பின் இரண்டு கம்ப்யூட்டரில்கூட ஒரே எழுத்துரு வர வேண்டும் என்று கட்டாயமில்லை. பழைய பதிப்பு இருந்த கம்ப்யூட்டரில் தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவைத் தேர்ந்து வைத்திருந்தேன். பீட்டா தனி புரொஃபைலில் ஓடுவதால் அந்த அமைப்பு அங்கே இல்லை, விண்டோஸ் வைத்திருக்கும் எழுத்துரு வந்துவிட்டது. விண்டோஸின் பழைய லதா எழுத்துருவிலிருந்து விண்டோஸ் 8 கொண்டுவந்த நிர்மலா வரை ஒவ்வொரு எழுத்துருவுக்கும் உயரம் வேறு. தலைப்புப் பெட்டிக்கோ வரி உயரம் பிக்சல் கணக்கில் இறுக்கமாகப் பூட்டப்பட்டு, வெளியே போகிறதை மறை என்ற கட்டளையும் இருந்தது. ஆங்கில எழுத்தை வைத்து அளவெடுத்த டெம்ப்ளேட் (வெப்சைட்டின் ஆயத்த வடிவமைப்பு) அது. ஆங்கிலத்தில் ஒரு நூலளவு வெட்டுப்பட்டால் யாருக்கும் தெரியாது. தமிழில் புள்ளி போனால் எழுத்தே மாறிவிடும், 'க்' வேறு, 'க' வேறு. டெம்ப்ளேட் செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வரி உயரத்தை பிக்சலில் பூட்டாமல் எழுத்தளவின் ஒன்றரை மடங்கு என்று கொடுத்தேன், மறைக்கும் கட்டளையை எடுத்தேன். புள்ளிகள் வந்து உட்கார்ந்தன.

எந்த எழுத்துரு உண்மையில் வருகிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. எழுத்தின் மேல் ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் கொடுங்கள். பயர்பாக்ஸில் ஃபான்ட்ஸ் பகுதியிலும், குரோமில் கம்ப்யூட்டட் பகுதியின் அடியிலும் பெயர் இருக்கும்.

அதே பட்டியலின் கடைசியில், சலங்கை வைத்த மாடல்கள் பகுதியில், 'கொலுசு' என்ற சொல் ஒற்றைக்கொம்பு, பக்கத்தில் புள்ளிகளாலான வட்டம், பிறகு 'கா' என்று சிதறிக் கிடந்தது. புள்ளிவட்டம் தெரிந்தால் எழுத்துருவைச் சந்தேகிக்காதீர்கள், எழுத்தின் வரிசையைப் பாருங்கள். இப்போது எல்லோரும் பயன்படுத்தும் எழுத்துக் குறியீடான யூனிகோடில் 'கொ' என்பது முதலில் க, பிறகு உயிர்க்குறி. கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது பிரவுசரின் வேலை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே கொம்பை முதலில் அடிப்போம். யாரோ அந்தக் காலத்துக் கோப்பை அரைகுறையாக மாற்றித் தந்திருக்கிறார்கள். உட்கார மெய் கிடைக்காத கொம்புக்குத்தான் அந்த வட்டம். பழைய பதிப்பிலும் அப்படியேதான் தெரிந்தது. அந்த வரிகளைத் திரும்ப அடித்தேன், தீர்ந்தது.

ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் காபித் தோட்டம் வைத்திருக்கும் அக்கா ஒருவர் லேப்டாப்பைக் கொண்டுவந்தார், தமிழ் எல்லாம் வெறும் கட்டம் கட்டமாக. லினக்ஸ் போட்டுக் கொடுத்தவர்கள் தமிழ் எழுத்துரு போடவில்லை, அவ்வளவுதான். லோஹித் தமிழ் என்ற எழுத்துருவைப் போட்டு அனுப்பினேன், சாயங்கால பஸ்ஸுக்கே மலை ஏறிவிட்டார்.

கறுப்புப் பட்டை டிரைவர் மாற்றியதும் போய்விட்டது என்று நான் விட்டுவிடவில்லை, பிரவுசர் செய்கிறவர்களுக்கு எழுதி அனுப்பினேன். குரோம், பயர்பாக்ஸ் இரண்டிலுமே, தகராறு செய்கிற டிரைவர்களின் தடைப்பட்டியல் ஒன்று உண்டு. அதில் ஏறிய டிரைவர் இருக்கும் கம்ப்யூட்டரில் சம்பந்தப்பட்ட கிராபிக்ஸ் வசதியை பிரவுசர் தானாகவே அணைத்துவிடும். யாராவது சொன்னால்தான் அந்தப் பட்டியல் வளரும். டிரைவர் மாற்றத் தெரியாத ஆயிரம் பேருக்கு நாம் அனுப்பும் ஒரு குறிப்பு உதவும். அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் கடைகளில் இருக்கிற பழைய கம்ப்யூட்டரை வெளியூர்க்காரர் வந்து சோதிக்கப் போவதில்லை, நாம்தான் சொல்ல வேண்டும்.

எழுதும்போது 'சரியாகத் தெரியவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். பிரவுசரின் முழுப் பதிப்பு எண், விண்டோஸ் பதிப்பு, கிராபிக்ஸ் சிப்பும் டிரைவர் எண்ணும், விண்டோஸில் திரை பெரிதாக்கும் அளவு 100 சதவீதமா 125 சதவீதமா, என்ன செய்தால் கோளாறு வருகிறது, பிரிண்ட் ஸ்கிரீன் படம், இவை வேண்டும். பயர்பாக்ஸின் உதவி மெனுவில் டிரபிள்ஷூட்டிங் தகவல் பக்கத்தில் கிராபிக்ஸ் விவரம் மொத்தமும் காப்பி செய்யத் தயாராக இருக்கும். தமிழ் எழுத்துக் கோளாறு என்றால் அந்தச் சொல்லைப் படமாகவும் எழுத்தாகவும் இரண்டு விதமாகவும் அனுப்புங்கள். படத்தை மட்டும் அனுப்பினால் எழுத்தின் வரிசை அவர்களுக்குத் தெரியாது.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பாடு எதுவும் பொருந்தாது. குரோம் அங்கே 2023இல் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. பயர்பாக்ஸும் அங்கே 115க்கு மேல் ஏறாது. அந்தக் கம்ப்யூட்டரில் பேங்க் வேலை பார்க்காதீர்கள்.