முத்திரை எங்கே?

சித்தி மகன் மீனம்பாக்கத்தில் வந்து இறங்கியபோது ராத்திரி இரண்டு மணி. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் ஒரு லுங்கி, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, அப்புறம் தூதரகம் கொடுத்த எமர்ஜென்சி சர்ட்டிபிகேட். பாஸ்போர்ட்டை மியான்மர் எல்லை ஊரான மியாவாடியில் முதல் நாளே பிடுங்கி வைத்துக்கொண்டார்களாம்.

2022 கடைசியில் நடந்தது இது. பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை, வேலை விசாவை அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி டூரிஸ்ட் விசாவில் ஏற்றிவிட்டான் ஏஜென்ட். அங்கிருந்து காரில் தாய்லாந்து எல்லையில் இருக்கும் மே சாட், இருட்டோடு இருட்டாக மோய் ஆற்றைத் தாண்டினால் மியான்மர். பெண் பெயரில் போலிக் கணக்கு வைத்து, முன்பின் தெரியாதவர்களிடம் கொஞ்சிப் பேசி கிரிப்டோவில் பணம் போட வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அடி.

ஒருவழியாகத் தப்பித்து ஆற்றின் தாய்லாந்துக் கரைக்கு வந்ததும் மடக்கிய சீருடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "முத்திரை எங்கே?" ராத்திரியில் கடத்திக்கொண்டு போகிறவன் எந்த ஊரில் முத்திரை குத்தி அனுப்புவான்? விசா முடிந்து தங்கினால் அங்கே ஒரு நாளைக்கு 500 பாட் அபராதம், அதிகபட்சம் 20,000. ஏஜென்ட்டுக்குக் கொடுக்க சித்தியின் செயின் போனது, அபராதத்துக்கு வளையல். இரண்டும் இன்னும் அடகுக் கடையில்தான்.

அன்றிலிருந்து இந்தச் சட்டங்களைத் தேடித் தேடிப் படிக்கிறேன். ஆள்கடத்தல் பற்றி 2000-இல் ஐ.நா. ஒரு நெறிமுறை கொண்டுவந்தது, இந்தியாவும் 2011-இல் ஏற்றுக்கொண்டது. கடத்தப்பட்டவர் போய்ச் சிக்கிய நாட்டிலேயே தங்க அனுமதிப்பதை அந்த நாடு "பரிசீலிக்க வேண்டும்" என்கிறது அது. பரிசீலனை என்றால் என்னவென்று தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தவர்களைக் கேளுங்கள். ஐரோப்பியர்களின் 2005 உடன்படிக்கை கொஞ்சம் பரவாயில்லை, குறைந்தது 30 நாள் மூச்சு விட நேரம் கொடுக்கிறது, அதுவரை நாடு கடத்தக் கூடாது. அதற்கு மேல் தங்குவதற்குப் பல நாடுகளில் போலீசுக்கு ஒத்துழைக்க வேண்டும். எனக்கு அது பேரம் மாதிரிதான் படுகிறது. இத்தாலியில் 1998-லேயே புகார் கொடுக்காதவருக்கும் அனுமதி கிடைக்க வழி வைத்திருக்கிறார்கள்.

தங்க விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை இருக்கிறது. கத்ரீனா புயலுக்குப் பிறகு, 2006 வாக்கில், சுமார் 500 இந்தியத் தொழிலாளர்களை கிரீன் கார்டு ஆசை காட்டி, ஆளுக்கு 10,000 டாலருக்கு மேல் கறந்து, ஒரு கப்பல் கட்டும் தளத்துக்கு வேலைக்குக் கொண்டுபோனார்கள். 2008-இல் பலர் வெளியேறி வாஷிங்டன் வரை போய்ப் போராடினார்கள். கடத்தப்பட்டவர்களுக்கென்றே அங்கே 'டி (T) விசா' இருக்கிறது, பலருக்கு அது கிடைத்தது. 2015-இல் ஐந்து பேருக்கு 1.4 கோடி டாலர் நஷ்டஈடு என்று தீர்ப்பு. ஏழு வருஷம் அங்கேயே இருந்து வழக்கை நடத்த முடிந்தது என்பதுதான் இதில் எனக்கு முக்கியம். என் தம்பியின் வழக்குக்கு இடமும் சாட்சியும் குற்றவாளியும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், அவன் மட்டும் பெரம்பூரில்.

நாம் மட்டும் என்ன யோக்கியம் என்று கேட்பீர்கள். கடத்திக் கொண்டுவரப்பட்ட வெளிநாட்டுப் பெண் மீதோ குழந்தை மீதோ, பாஸ்போர்ட் விசா இல்லை என்பதற்காகக் குற்றப்பத்திரிகை போட வேண்டாம் என்று உள்துறை அமைச்சகம் 2012 மே மாதமே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அது அறிவுரைதான், சட்டம் இல்லை. என் தம்பி மாதிரி ஆம்பளைக்கு அதில் ஒரு வரியும் இல்லை.

போன மாதம் புது பாஸ்போர்ட்டுக்காக ஒரு ஆபீஸுக்கு அவனோடு போயிருந்தேன். படிவத்தில் பழைய பாஸ்போர்ட் தொலைந்த இடம் கேட்டிருந்தது. மியாவாடி என்று எழுதினான். எந்த ஸ்டேஷன் லிமிட் என்று கேட்டார் அங்கே இருந்தவர். அப்புறம் அவரே இரக்கப்பட்டு, "சும்மா தொலைஞ்சு போச்சுன்னு எழுதுப்பா" என்றார்.

பேனாவைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தான். "தொலையலையே அக்கா, பிடுங்கிட்டாங்க."