எறும்புக்குக் கால் எங்கே முளைக்கிறது?

விலங்குகளைப் பற்றிய படப் புத்தகம் எது கிடைத்தாலும், நான் முதலில் புரட்டிப் பார்ப்பது எறும்பு அல்லது சிலந்திப் பக்கத்தைத்தான். எறும்பின் ஆறு கால்களும் நடுவில் இருக்கும் மார்புப் பகுதியிலிருந்துதான் கிளம்ப வேண்டும். சிலந்தியின் எட்டுக் கால்களும் உடம்பின் முன்பகுதியிலிருந்து. பின்னால் உருண்டையாக இருக்கும் வயிற்றில் கால் ஒட்டியிருந்தால், வரைந்தவர் ஒரு சிலந்தியைக்கூட நின்று பார்க்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன். எவ்வளவு அழகாக அச்சடித்திருந்தாலும் அதை வாங்குவதில்லை.

திண்டுக்கல் மாவட்டம் அய்யலூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில், சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். நரி, காக்கா கதை என்றால் எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு கேட்பார்கள். ஆனால் கதை முடிந்த பிறகு, நிஜ நரி எங்கே தூங்கும், என்ன தின்னும் என்று கேட்டால் பதில் வராது. அதனால் வாரத்தில் ஒரு நாள் நிஜ விலங்குகளுக்கு என்று ஒதுக்கிவிட்டேன்.

எறும்புப் பக்கத்தை விரித்து வைத்துவிட்டு, வாசலில் கொஞ்சம் வெல்லத்தைப் பொடித்துப் போடுவோம். கட்டெறும்பு வந்தால் ரொம்ப வசதி, பெரிதாகத் தெரியும். பிள்ளைகள் குப்புறப் படுத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியை மாற்றி மாற்றி வாங்கி, படத்தையும் எறும்பையும் ஒப்பிடுவார்கள். "அக்கா, கொம்பு படத்துல இருக்கிற மாதிரியே மடங்கித்தான் இருக்கு" என்று ஒரு பிள்ளை கண்டுபிடித்துச் சொன்னாள். அச்சில் இருப்பதைச் சோதித்துப் பார்க்கலாம் என்ற தைரியம் அந்த வயதிலேயே வந்துவிடுகிறது.

புகைப்படம் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. புகைப்படத்தில் தேவாங்கு (குரங்குக்குத் தூரத்துச் சொந்தமான, மரத்தில் வாழும் சின்னப் பிராணி) கிளைக்கும் இலைக்கும் நடுவே பாதி மறைந்திருக்கும், வெளிச்சம் பட்டுக் கண் மட்டும் மின்னும். நல்ல ஓவியர் இலையை விலக்கிவிட்டு, கிளையைப் பற்றியிருக்கும் விரல்களைத் தனியாகக் காட்டுவார். வால் வெளியே தெரியாது என்பதும் அப்போதுதான் பிள்ளைகள் கண்ணில் படும்.

தேவாங்கைச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் காடுகளில் அது நிறைய உண்டு. 2022-இல் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்கென்றே நாட்டில் அமைந்த முதல் சரணாலயம் அது. ஆனாலும் தேவாங்கைப் பார்ப்பது அபசகுனம் என்ற பேச்சு இன்னும் போகவில்லை. மருந்து, மாந்திரீகம் என்று பிடித்துக் கொன்றதும் உண்டு.

அதை நிஜ அளவில் காட்டும் புத்தகம் என்னிடம் இல்லை. சரி, நாமே செய்வோம் என்று அட்டையில் வரைந்து வெட்டினோம். உடம்பு மொத்தமே ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகம், எடை சுமார் கால் கிலோ. அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்த ஒரு பையன், "இதுக்கா எங்க அப்பத்தா பயப்படுது?" என்றான். ராத்திரியில் இறங்கிவந்து பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் பிராணி என்று சொன்னதும், வீட்டில் காட்ட வேண்டும் என்று அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். நான் போய்ச் சொன்னால் அப்பத்தா கேட்பாரோ என்னவோ, பேரன் சொன்னால் கேட்பார்.

சிங்கத்துக்கும் பென்குயினுக்கும் படப் புத்தகம் தேடி அலைய வேண்டியதில்லை. அழுங்குக்கும் (எறும்புதின்னி) உடும்புக்கும் தமிழில் தேடினால்தான் தெரிகிறது எவ்வளவு குறைவு என்று. யாராவது வரைய மாட்டார்களா என்று ஏக்கமாக இருக்கிறது. அதுவரை நாங்களே ஒரு நோட்டில் வரைந்துகொண்டிருக்கிறோம். இப்போது ஓணான் பக்கம் நடக்கிறது. பின்னங்காலில் நாலாவது விரல்தான் எல்லாவற்றையும்விட நீளம் என்று வேலியோரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தவர்கள், ஏற்கெனவே வரைந்ததை ரப்பரால் அழித்துக்கொண்டிருக்கிறார்கள்.